விக்டோரியா காலத்து ராணுவ பித் ஹெல்மெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா ராணி ஆண்ட காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, பிரிட்டிஷ் ராணுவம் வெயில் நாடுகளில் அணிந்த தொப்பியைப் பற்றிய பக்கம் இது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைத் தொப்பிதான். கிட்டே போய்ப் பார்த்தால் பொருள், தையல், விளிம்பு, சுற்றுத்துணி, நிறம் எல்லாமே மாறும். லண்டனில் எழுதிய விதிமுறை ஒன்றுதான். அதைப் பலவாக்கியது போர்க்களத்தில் நின்ற சிப்பாயின் தேவையும், சொந்தக் காசில் தொப்பி வாங்கிய அதிகாரியின் விருப்பமும்தான் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்களை அந்தக் கண்ணோட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

பித் ஹெல்மெட் என்று எதைச் சொல்கிறோம்?

எடை குறைந்த பொருளில் கூடு செய்து, மேலே துணி போர்த்தி, முன்னும் பின்னும் விளிம்பு நீட்டிய வெயில் தொப்பியைத்தான். சோலா தொப்பி என்றும் சொல்வார்கள். பழைய தமிழ்ப் படங்களில் துரை வேடம் என்றாலே இந்தத் தொப்பி வந்துவிடும். ஆனால் அங்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் கலெக்டர்களும் எஸ்டேட் துரைமார்களும் அணிந்த அகல விளிம்புத் தொப்பி. விக்டோரியா காலத்து ராணுவத் தொப்பி அதைவிட உயரமானது. பக்கவாட்டில் விளிம்பு குறுகி, பின்பக்கம் கழுத்தை மூடும் அளவுக்குச் சரிந்து இறங்கும்.

எல்லாமே நெட்டியில் செய்தவையா?

இல்லை. பலரும் தவறாக நினைக்கும் இடம் இதுதான். பித் என்பது நெட்டி. சதுப்பு நிலங்களிலும் ஏரிகளிலும் வளரும் ஒரு செடியின் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான, பஞ்சு போன்ற சதை. வங்காளத்தில் இதை சோலா என்கிறார்கள். மெல்லிய தகடாகச் சீவி, அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டினால் கையில் எடுத்ததே தெரியாத அளவுக்கு லேசான தொப்பி கிடைக்கும். வெப்பமும் எளிதில் உள்ளே இறங்காது.

நெட்டிக்கு ஒரு பெரிய குறை உண்டு. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல மழையில் நனைந்தால் ஊறிப்போய் வடிவம் இழக்கும். காய்ந்த பிறகு தட்டினால் நொறுங்கும். கூடாரத்திலும் கப்பலிலும் மாட்டுவண்டியிலும் அடிபடும் ராணுவத் தொப்பிக்கு இது ஒத்துவராது. அதனால் இங்கிலாந்தில் தயாரான ராணுவ ஹெல்மெட்டுகள் பெரும்பாலும் கார்க்கில் செய்யப்பட்டன. போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் வளரும் கார்க் ஓக் மரத்தின் பட்டைதான் கார்க். நெட்டியைவிடக் கொஞ்சம் கனம், ஆனால் உறுதியானது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆகவே அருங்காட்சியகத்தில் பித் ஹெல்மெட் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் விக்டோரியா கால ராணுவத் தொப்பியைப் பார்த்தால், உள்ளே இருப்பது கார்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெயர் நிலைத்துவிட்டது, பொருள் மாறிவிட்டது. கார்க், நெட்டி தவிரப் பிரம்பு பின்னிய கூடு, கம்பளி ஃபெல்ட் ஆகியவற்றிலும் ஆரம்ப காலத்தில் செய்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர் நெட்டி வேலையும் இந்த நெட்டியும் ஒன்றா?

ஒரே வகைச் செடிதான். தஞ்சாவூரில் பெரிய கோயில் மாதிரிகளும் சிற்பங்களும் செதுக்கும் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்தில் இதே சோலாவில் கல்யாண மாப்பிள்ளையின் டோபோர் என்ற கிரீடத்தைச் செய்வார்கள். துரைமார் தொப்பி வருவதற்கு வெகு முன்பே நெட்டியை அறுத்து, சீவி, ஒட்டும் கைப்பழக்கம் இங்கே இருந்தது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது தொப்பியின் வடிவத்தை மட்டுமே. சோலா தொப்பியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் லண்டன் கடைக்காரர்களுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது அந்தக் கைவினைஞர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ராணுவத்தில் இது எப்போது நுழைந்தது?

ஒரே நாளில் நுழையவில்லை. 1840களில் சீக்கியப் போர்கள் நடந்தபோதே சில அதிகாரிகள் தாங்களாகவே வெயில் தொப்பி செய்வித்து அணிந்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அப்போது வழக்கமான தொப்பிதான். அதன் மேல் வெள்ளைத் துணி உறை போட்டுக்கொள்வான். கழுத்தின் பின்னால் துணித் தொங்கல் வைத்த உறைக்கு, 1857 சிப்பாய்க் கலகத்தில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயராலேயே ஹேவ்லாக் என்ற பெயர் வந்தது.

இதில் மெட்ராஸ் தொடர்பும் ஒன்று உண்டு. 1857இல் ஜேம்ஸ் நீல் தலைமையில் வடக்கே போன மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவு, தொப்பிக்கு நீல உறை போட்டிருந்தது. அதனால் நீலின் நீலத்தொப்பிக்காரர்கள் என்று பெயர் பெற்றது. 1881இல் அந்தப் பிரிவு ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆன பிறகும் பட்டப்பெயர் கூடவே போனது. அவர்கள் காட்டிய கொடுமையும் அதே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. உறையின் நிறத்தைப் பற்றிப் பேசும்போது அதை மறந்துவிடக் கூடாது.

1858இல் ஜூலியஸ் ஜெஃப்ரீஸ் என்ற மருத்துவர், இந்தியாவில் பிரிட்டிஷ் சிப்பாய் எப்படிப்பட்ட உடையும் தலைக்கவசமும் அணிய வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். தொப்பியின் கூட்டுக்கும் தலைக்கும் நடுவே காற்று ஓட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இதற்கு முன்பு சுவாசக் கருவி ஒன்றையும் கண்டுபிடித்தவர் அவர். 1860களில் நடு உச்சியில் மேடு ஓடும் ஏர்பைப் ஹெல்மெட், பிரம்பு ஹெல்மெட் என்று பல சோதனைகள் நடந்தன. 1873–74 அசாண்டி போரில், இன்றைய கானா பகுதியில், தளபதி கார்னெட் வுல்ஸ்லி தன் படையைச் சாம்பல் நிற உடையும் கார்க் ஹெல்மெட்டுமாகக் கூட்டிப்போனார். கடைசியாக 1877இல் வெளிநாட்டுப் பணிக்கான ஹெல்மெட் என்று ஒரு மாதிரி அதிகாரபூர்வமாக வந்தது.

1877 மாதிரி எப்படி இருக்கும்?

கார்க் கூடு, வெள்ளைத் துணிப் போர்வை. அந்தத் துணி ஆறு துண்டாக வெட்டப்பட்டு, உச்சியிலிருந்து கீழே இறங்கும் ஆறு தையல்களால் இணைக்கப்பட்டிருக்கும். விளிம்பும் கூடும் சேரும் இடத்தில் துணிப்பட்டை ஒன்று சுற்றிவரும். முன்விளிம்பு கண்ணுக்கு மேல் குட்டையாக நீளும். பின்விளிம்பு நீண்டு பிடரியை மறைக்கும். உச்சியில் துணி போர்த்திய குமிழ் இருக்கும். அது வெறும் அலங்காரமில்லை, சூடான காற்று வெளியேறும் வழி. அணிவகுப்பு நாளில் குமிழைக் கழற்றிவிட்டுப் பித்தளைக் கூர்முனையைத் திருகிக்கொள்ளலாம். பல தொப்பிகளில் விளிம்பின் அடிப்பக்கம் பச்சைத் துணியாக இருக்கும். தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஆறு தையல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய புகைப்படத்தையோ தொப்பியையோ அடையாளம் காண இதைவிட எளிய குறிப்பு இல்லை.

உள்ளே காற்று எப்படி ஓடுகிறது?

என்னைப் பொறுத்தவரை மொத்த வடிவமைப்பிலும் புத்திசாலித்தனமான பகுதி இதுதான். தலையில் உட்காரும் தோல் பட்டை, கூட்டை நேரடியாகத் தொடாது. நடுவே சிறு கார்க் துண்டுகளோ வளைத்த இணைப்புகளோ வைத்து இடைவெளி விட்டிருப்பார்கள். தலையைச் சுற்றிக் கீழேயிருந்து காற்று ஏறி, உச்சிக் குமிழ் வழியாகப் போகும். தலையோடு ஒட்டிய துணித் தொப்பியில் வியர்வை அடைபட்டுப் புழுங்கும். இதில் புழுங்காது. வெயிலைப் பற்றி அன்றைய மருத்துவர்கள் சொன்ன பல விஷயங்கள் பின்னால் தவறாகிப்போயின. ஆனால் காற்று இடைவெளி என்ற யோசனை மட்டும் இன்றைய கட்டடத் தொழிலாளியின் பாதுகாப்புத் தொப்பி வரை தொடர்கிறது.

நீல நிறத்தில் இதே மாதிரி ஹெல்மெட் பார்த்திருக்கிறேன். அது என்ன?

அது இங்கிலாந்துக்குள் அணிந்த உள்நாட்டுப் பணி ஹெல்மெட். 1878இல் ஷாக்கோ என்ற உருளைத் தொப்பிக்குப் பதிலாகக் காலாட்படைக்கு வந்தது. இதற்கும் கூடு கார்க்தான், மேலே கருநீலத் துணி. லைட் இன்ஃபன்ட்ரி எனப்படும் இலகுரகக் காலாட்படைப் பிரிவுகளுக்குப் பச்சைத் துணி. தையல் நான்கு, பின்விளிம்பு குட்டை. முன்பக்கம் கிரீடம் வைத்த எட்டுமுனை நட்சத்திரத் தகடு. 1881 வரை அதில் ரெஜிமென்ட் எண், அதாவது படைப்பிரிவின் எண், இருந்தது. அந்த ஆண்டு சில்டர்ஸ் சீர்திருத்தம் என்ற ராணுவ மாற்றத்தில் எண்கள் போய் மாவட்டப் பெயர்கள் வந்ததும் தகடுகளும் மாறின. தகட்டை வைத்தே ஒரு தொப்பியின் காலத்தைக் கணிக்கலாம் என்பது இதனால்தான்.

உச்சியில் கூர்முனை எதற்கு?

ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் தாக்கம். 1842இலேயே பிரஷ்ய ராணுவம் கூர்முனை வைத்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்துவிட்டது. 1870–71 போரில் அது பிரான்ஸைத் தோற்கடித்ததும் உலகெங்கும் ராணுவ உடையில் பிரெஞ்சு மோகம் குறைந்து ஜெர்மன் மோகம் ஏறியது. ஜெயித்தவனின் உடையைப் பார்த்து உடுத்துவது ராணுவங்களின் பழைய வழக்கம். பீரங்கிப் படை, மருத்துவப் பிரிவு போன்றவை கூர்முனைக்குப் பதில் உருண்டை வைத்துக்கொண்டன.

போர்க்களத்தில் கூர்முனைக்கு எந்த வேலையும் கிடையாது. அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

போரில் உண்மையிலேயே வெள்ளை வெளேரென்ற ஹெல்மெட்டோடு போனார்களா?

ஓவியங்களும் சினிமாவும் அப்படித்தான் காட்டுகின்றன. சிவப்புச் சட்டையும் பளிச்சென்ற வெள்ளை ஹெல்மெட்டும் கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்த 1879 ஜூலு போரில் இசாண்டில்வானாவிலும் ரோர்க்ஸ் ட்ரிஃப்டிலும் இருந்த 24ஆவது ரெஜிமென்ட் சிப்பாயை நாம் வேறு மாதிரி கற்பனை செய்ய வேண்டும். காய்ந்த புல்வெளியில் வெள்ளை ஹெல்மெட் எத்தனை தூரத்திலிருந்தும் தெரியும். அதனால் தேயிலையைக் கொதிக்கவைத்த சாறு, சேறு, மரப்பட்டைச் சாயம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசி மங்கலாக்கினார்கள். வெயிலில் மின்னும் முன்பக்கத் தகட்டையும் கழற்றினார்கள்.

இப்படிப் பூசியதில் சீரான நிறம் வராது. ஒருவனுடையது வெளிறிய தேநீர் நிறம், பக்கத்தில் நிற்பவனுடையது கரும்பழுப்பு, இன்னொருவனுடையது திட்டுத்திட்டாக. மழை பெய்தால் பாதி வெளுக்கும், மறுபடி பூச வேண்டும். ஒரே கம்பெனியில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் பத்து நிறம். இதை எந்த விதிப்புத்தகமும் சொல்லாது. ஆனால் விக்டோரியா காலத்துப் போர் ஹெல்மெட்டின் உண்மையான முகம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே நேரத்தில் ஆப்கானிஸ்தானில், 1878–80 போரில், இன்னும் நேர்த்தியான வழி கண்டார்கள். காக்கித் துணியில் உறை தைத்து ஹெல்மெட் மேல் மாட்டினார்கள். காக்கியோடு அங்கே ஏற்கெனவே பழக்கம் உண்டு. 1840களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் உருவாக்கிய கைட்ஸ் படைதான் அதைத் தொடங்கியது. 1881 பிப்ரவரி 27 அன்று தென்னாப்பிரிக்காவின் மஜூபா மலையில் இந்த இரண்டு உலகமும் அருகருகே நின்றன. 58ஆவது ரெஜிமென்ட் சிவப்புச் சட்டையில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த 92ஆவது கார்டன் ஹைலேண்டர்ஸ் காக்கிச் சட்டையில்.

1882இல் எகிப்திலும் 1884–85இல் சூடானிலும் ஹெல்மெட்டைப் பழுப்பாக்குவது தொடர்ந்தது. கூடவே மணலுக்காகக் கண்ணாடியும், ஈக்காக வலைத்துணியும் கொடுத்தார்கள். 1885 டிசம்பர் 30இல் சூடானின் கின்னிஸில் நடந்த சண்டையைத்தான் பிரிட்டிஷ் ராணுவம் சிவப்புச் சட்டையோடு போரிட்ட கடைசிச் சண்டை என்கிறார்கள். 1890களின் பின்பகுதிக்குள் வெளிநாட்டுப் பணி என்றாலே காக்கி என்றாகிவிட்டது. காக்கி உறை ஹெல்மெட்டின் பகுதியாகவே ஆனது.

ஹெல்மெட்டைச் சுற்றி வரும் துணி எதற்கு?

பகரி என்று சொல்லப்படும் அந்தச் சுற்று, நம் தலைப்பாகையிலிருந்து வந்ததுதான். மெல்லிய மஸ்லின் துணியைக் கொசுவம் மாதிரி மடித்து, பல அடுக்காகக் கூட்டின் அடிப்பகுதியில் சுற்றுவார்கள். நெற்றியும் காதுமேட்டுப் பகுதியும் கூடுதலாக மறையும் என்பது முதல் நோக்கம். இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இது பரவலாக இருந்தது. ஜூலு போர்க் காலாட்படையிடம் பெரும்பாலும் இல்லை. ஆகவே பகரி இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்று யோசிக்க உதவும்.

போகப்போகப் பகரி அடையாளமாக மாறியது. சில பிரிவுகள் மேல் மடிப்பை மட்டும் வேறு நிறத்தில் வைத்தன. காக்கி உறை வந்ததும் எல்லாப் பிரிவும் ஒரே மாதிரி தெரியத் தொடங்கவே, ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ரெஜிமென்ட் நிறத்தில் துணித்துண்டு தைக்கும் வழக்கம் பெருகியது. ஸ்காட்லாந்துப் பிரிவுகள் தங்கள் டார்டன் கட்டத் துணியை வைத்தன. அவற்றில் ஒன்றான பிளாக் வாட்ச் சிவப்பு இறகுக்கொத்து செருகியது. தகட்டைக் கழற்றியபோது போன அடையாளம் துணியில் திரும்பி வந்தது.

அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே தொப்பியா?

விதிப்படி ஒரே வடிவம். சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்தது, தோல் தாடைப்பட்டை, முரட்டு வேலை. அதிகாரி லண்டனில் ஹாக்ஸ் போன்ற கடைகளில் சொந்தக் காசில் வாங்கினார். தாடைக்குப் பித்தளைச் சங்கிலி, அதன் அடியில் மெத்தென்ற துணி, உள்ளே பட்டு அல்லது நல்ல தோல். தேவையில்லாதபோது சங்கிலியைத் தூக்கிப் பின்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம்.

காசு கொடுப்பவர் விருப்பம் வடிவத்திலும் புகுந்துவிடும் அல்லவா? ஒருவர் பின்விளிம்பை இன்னும் நீட்டச் சொல்வார், இன்னொருவர் உச்சியைத் தாழ்த்தச் சொல்வார். ஆகவே ஓர் அதிகாரியின் ஹெல்மெட் விதிப்புத்தக அளவோடு ஒத்துவரவில்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வுல்ஸ்லி ஹெல்மெட் என்பது எது?

விளிம்பு சுற்றிலும் அகலமாக, பக்கவாட்டிலும் காதுக்கு நிழல் தரும்படி விரிந்து, பின்னால் சரிவாக இறங்கும் வடிவம். 1877 மாதிரியில் காதும் கன்னமும் வெயிலில்தான் இருந்தன. அந்தக் குறையை அதிகாரிகள் தங்கள் சொந்தத் தொப்பிகளில் சரிசெய்து பார்த்தார்கள். 1890களின் கடைசியில், குறிப்பாக 1898இல் ஓம்டுர்மான் சண்டை நடந்த சூடான் படையெடுப்புக் காலத்தில், இந்த வடிவம் பிரபலமானது. அந்தப் படையெடுப்பில் பழைய மாதிரி வைத்திருந்தவர்களோ பஞ்சு வைத்துத் தைத்த உறையும் பிடரித் தொங்கலும் சேர்த்துக்கொண்டார்கள்.

1900 வாக்கில் அதிகாரிகளின் உடை விதிமுறையில் வுல்ஸ்லி வடிவம் இடம்பிடித்தது. சிப்பாய்களுக்கு அதற்கும் பிறகுதான். பெயர் அப்போதைய தலைமைத் தளபதி கார்னெட் வுல்ஸ்லியுடையது. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்தார். ஆக, விக்டோரியா கால ஹெல்மெட் என்று விளம்பரப் படங்களில் அதிகம் காட்டப்படும் வடிவம், அந்தக் காலத்தின் கடைசி மூச்சில் வந்தது. அதற்கு உலகப் போர்களின் காலத்தோடுதான் உறவு அதிகம். 1879 ஜூலு போர்க் காட்சியில் யாராவது வுல்ஸ்லி ஹெல்மெட் போட்டிருந்தால் அது தவறு.

இந்தியச் சிப்பாய்களும் அணிந்தார்களா?

பொதுவாக இல்லை. இந்தியப் படைப்பிரிவுகள் தலைப்பாகையோ தங்கள் பிரிவுக்குரிய வேறு தொப்பியோ அணிந்தன. அவர்களோடு இருந்த வெள்ளை அதிகாரிகள் ஹெல்மெட் அணிந்தார்கள். வெயிலால் ஆபத்து வெள்ளைக்காரத் தலைக்குத்தான் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருந்தது. வெயிலுக்கான ஒரு பொருள் மெதுவாக யார் ஆள்கிறவர் என்பதைக் காட்டும் பொருளாகிவிட்டது. கவர்னர்கள் வெள்ளை ஹெல்மெட்டில் அன்னப்பறவை இறகு சூடி நின்றது அதன் உச்சம்.

துப்பாக்கிக் குண்டைத் தடுக்குமா?

தடுக்காது. கீழே விழுந்தால் தலைக்குக் கொஞ்சம் மெத்தை, அவ்வளவுதான். குண்டுச் சிதறலுக்கான எஃகு ஹெல்மெட் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 1915இல்தான் வந்தது.

அப்படியானால் வெயிலையாவது சரியாகத் தடுத்ததா?

நிழல் தந்தது. கண், நெற்றி, பிடரி எரியாமல் காத்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைய மருத்துவர்கள் அதற்கும் மேலே போனார்கள். சூரியக் கதிர் மண்டையோட்டையும் முதுகெலும்பையும் துளைத்து மூளையைப் பாதிக்கிறது என்று நம்பினார்கள். அதனால் தடித்த தொப்பி போதாதென்று முதுகில் பஞ்சுப் பட்டையும் கட்டச் சொன்னார்கள். உண்மையில் சிப்பாய் மயங்கி விழுந்ததற்குக் காரணம் இறுக்கமான கம்பளி உடை, சுமை, தண்ணீர் போதாமை, வெயில் நேரத்து நடை. உடம்பு வியர்த்து ஆற முடியாமல் போவதுதான் வெப்ப மயக்கம்.

பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்க ராணுவம் 1910 வாக்கில் ஆரஞ்சு-சிவப்பு உள்ளாடை கொடுத்து அந்தக் கதிர்களைத் தடுக்க முடியுமா என்று சோதித்தது. பலன் ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் அந்த நம்பிக்கை இரண்டாம் உலகப் போர் வரை தாக்குப்பிடித்தது. பர்மா காடுகளில் படைகள் சாதாரணத் துணித்தொப்பியோடு திரிந்தும் யாருடைய மூளையும் கெடவில்லை என்று தெரிந்த பிறகே தடித்த தொப்பியின் காலம் முடிந்தது.

போர்க்களத்தில் இதனால் சிரமம் உண்டா?

உண்டு. தென்னாப்பிரிக்காவில் நடந்த 1899–1902 போயர் போரில் அது நன்றாகவே தெரிந்தது. அங்கே எதிரி தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவார். சிப்பாய் தரையில் குப்புறப் படுத்துத்தான் பதிலுக்குச் சுட வேண்டும். அப்படிப் படுத்துத் தலையைத் தூக்கினால் நீண்ட பின்விளிம்பு முதுகில் இடித்து, ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மூடும். நின்று வரிசையாகச் சுடும் காலத்துக்காக வடிவமைத்த பொருள், படுத்துச் சுடும் காலத்துக்கு வந்துவிட்டது. போர் நீள நீள, விளிம்பை மடித்துவிடக்கூடிய ஸ்லவுச் தொப்பிக்குப் பலரும் மாறினார்கள்.

மற்ற நாடுகள்?

பிரெஞ்சுக்காரர்கள் 1878இல் தங்கள் கடற்படைக் காலாட்படைக்கு ஒரு மாதிரியும், 1886இல் திருத்திய மாதிரியும் கொண்டுவந்தார்கள். அவர்களுடையது உருண்டையான குடம், முன்பக்கம் நங்கூரச் சின்னம். அமெரிக்க ராணுவம் 1880இல் கோடைக்கால ஹெல்மெட் என்று கார்க்கில் ஒன்று ஏற்றுக்கொண்டது. வியட்நாமில் இன்றும் காணப்படும் பச்சை மூ கோய் தொப்பி, பிரெஞ்சுக் காலனித் தொப்பியின் வழிவந்தது.

இன்றும் யாராவது அணிகிறார்களா?

பிரிட்டிஷ் ராயல் மரைன்ஸ் இசைக்குழு வெள்ளை ஹெல்மெட்டோடுதான் அணிவகுக்கிறது. ஜிப்ரால்டர் ரெஜிமென்ட், மொனாக்கோ அரண்மனைக் காவலர், தாய்லாந்து அரச காவல்படை ஆகியவையும் சடங்கு உடையில் அணிகின்றன.

பழைய பொருள் கடையில் ஒன்று பார்த்தேன். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். இன்று விற்கும் நகல்கள் பல, காகிதக்கூழிலோ நாரிலோ அச்சில் அழுத்திச் செய்தவை. விளிம்பும் கூடும் ஒரே வார்ப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும். அசலில் கார்க் அடுக்குகளின் ஒட்டு எங்காவது ஓரத்தில் தெரியும். தையலை எண்ணுங்கள். விளிம்பு கூட்டோடு சேரும் பட்டையைப் பாருங்கள். உள்ளே தோல் பட்டைக்கும் கூட்டுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அரசாங்கம் கொடுத்ததில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருக்கலாம். அதிகாரியுடையதில் கடையின் பெயர்ச்சீட்டு இருக்கலாம்.

முன்பக்கத் தகடு இருந்தால் அதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள். தகடு தனியாகவும் விற்பனைக்குக் கிடைக்கிறது, எந்தத் தொப்பியிலும் யாரும் பொருத்திவிட முடியும். துணி மங்கலாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அவசரப்பட்டு அழுக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். ஒருவேளை அது ஒரு சிப்பாய் பூசிய தேயிலைச் சாயமாகவும் இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் பழைய ஹெல்மெட்டை எப்படிப் பாதுகாப்பது?

தண்ணீர் விட்டுத் துவைக்கவே கூடாது. கார்க் ஒட்டு விடும், நெட்டி ஊறிவிடும், தேயிலைக் கறை போன்ற சான்றுகளும் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். விளிம்பு தரையில் படும்படி கவிழ்த்து வைத்தால் நாளடைவில் வடிவம் கோணும். தலை அளவுக்கு ஒரு தாங்கி செய்து, அமிலமில்லாத காகிதத்தைச் சுற்றி, அதன் மேல் உட்கார வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சையும் பூச்சியும்தான் முதல் எதிரிகள். காற்றோட்டமுள்ள, நேர் வெயில் படாத அலமாரியே நல்லது. பித்தளைத் தகட்டுக்குப் பாலிஷ் போடும்போது அது துணியில் இறங்கிப் பச்சைக் கறை பிடிக்கும். அதனால் தகட்டையும் சங்கிலியையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.